மருந்துக்கடையின் கட்டைவிரல்

இடது கால் எப்படியோ ஷூவுக்குள் போய்விட்டது. வலது கால்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மணி எட்டே முக்கால். ஆபீஸில் 'மருந்துக்கடை' என்று பெயர் வாங்கியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு நீளக் கரண்டியின் காம்பைக் குதிகாலுக்குப் பின்னால் செருகி நெம்பிக்கொண்டிருந்தார்.

"அது என் தம்பி ஷூ. கிழிச்சு வச்சுடாதீங்க" என்றாள் மனைவி.

"உன் தம்பிக்கு இருக்கறது காலா, பென்சிலா?"

"அவன் காலை எதுக்குக் குத்தம் சொல்றீங்க? பதினேழு வருஷமா ரப்பர் செருப்புலயே ஆபீஸ் போனா, கால் இப்படித்தான் முறம் மாதிரி விரிஞ்சு கிடக்கும்."

கரண்டி வளைந்தது. கால் உள்ளே போனது. மருந்துக்கடை எழுந்து நின்று, இரண்டடி நடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு மருந்துக்கடை எதுவும் கிடையாது. தலைவலி மாத்திரையின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஒரு கூரியர் கம்பெனியின் மூன்றாவது மாடியில், பின்பக்க அறையில், முகவரி தேடும் பிரிவில் அவருக்கு வேலை. மழையில் மை கரைந்தது, அவசரத்தில் கிறுக்கியது, பாதி எழுதி மீதியை மறந்தது என்று எந்த டெலிவரி ஆளாலும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத பார்சல்கள் எல்லாம் அந்த அறைக்குத்தான் வரும். எழுத்தைப் படித்து, இடத்தை ஊகித்து, புதுச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். டாக்டர் எழுதியதை மருந்துக்கடைக்காரர் படித்துவிடுவதுபோல எந்தக் கிறுக்கலையும் இவர் படித்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. வைத்தவர்களுக்கே இப்போது அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோய்விட்டது.

படிப்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பார்சலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அந்தக் கிறுக்கலை வலது கால் கட்டைவிரலால் தரையில் எழுதிப் பார்ப்பார். கையால் எழுதிப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. "கை நல்லா எழுதிப் பழகின கை. அதுக்குக் கிறுக்க வராது. கால்தான் இவங்களை மாதிரியே எழுதும்" என்பார். விரல் நாலு சுழி சுழிக்கும், ஒரு இழுப்பு இழுக்கும், அவர் முகம் மலரும். "சைக்கிள் கடைக்கு மேல் மாடி, பெரிய மச்சான்" என்று சொல்லிச் சீட்டு எழுதுவார். இதைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் ஒரு வாரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தக் காலுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வெள்ளிக்கிழமை புது மேனேஜர் ஒட்டிய அறிவிப்பு இப்படிச் சொன்னது: 'திங்கள் முதல் ஊழியர் அனைவரும் கறுப்பு ஷூ, காலுறை, உள்ளே செருகிய முழுக்கைச் சட்டை, டை அணிய வேண்டும். பெண்கள் கறுப்புக் கோட்டு. நேர்த்தியாக உடுத்துபவர் நேர்த்தியாக உழைப்பார். உடை சரியானால் வேலை பெருகும்.'

அந்த அறைக்கு வாடிக்கையாளர் யாரும் வருவதில்லை. அறை இருப்பதே கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. மூன்று மேசை, ஒரு கரும்பலகை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கோடவுனின் தகரக் கூரை. அந்தக் கோடவுனுக்குள் நாற்பத்தொரு மூட்டைப் பழைய பார்சல்கள், முகவரி புரியாமல், நாலைந்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இதற்கு முன் இருந்த மேனேஜர் ஒருவர் அவற்றைத் தீர்த்துத் தருபவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் பரிசு என்றார். இன்னொருவர் கத்திப் பார்த்தார். அன்றாடம் வருவதைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

மூன்று பேர் என்றால் மருந்துக்கடை, அவரைவிட ஐந்து வயது மூத்த பெரியக்கா, அப்புறம் ஒல்லி. ஒல்லிக்கு உடம்பு முழுக்க எலும்பு. பாதம் மட்டும் படகு.

திங்கட்கிழமை மருந்துக்கடை நாற்காலியில் உட்கார்ந்து முதல் பார்சலைக் கையில் எடுத்தார். விரலை அசைத்தார். விரல் இருந்த இடத்தில் வலி மட்டும்தான் இருந்தது. எழுத்துகள் எழுத்தாகத் தெரியாமல் பூச்சிகளாக ஓடின. ஒரு மணி நேரத்தில் மூன்று பார்சல்தான் முடிந்தது, அதிலும் ஒன்று தப்பு. ஓய்வுபெற்ற பாட்டு டீச்சருக்குப் போக வேண்டிய பல்செட் பொம்மைக்கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் போனில் கூப்பிட்டு, சிரிக்கிற பொம்மைக்கு நான் ஆர்டரே கொடுக்கவில்லையே, மீதி உடம்பு எப்போது வரும் என்று கேட்டார்.

பெரியக்காவுக்குக் கோட்டுக்குள் வெந்தது. ஒல்லி டை கட்டத் தெரியாமல் கழுத்தில் முடிச்சுப் போட்டு, அதை அவிழ்க்கத் தெரியாமல் மத்தியானம் சாப்பிடும்போது விக்கினான்.

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை ஒரு வழி கண்டுபிடித்தார். மேசைக்கு முன்னால் மரப்பலகை மறைப்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் ஷூவைக் கழற்றினால் யாருக்குத் தெரியும்? கழற்றினார். ஒட்டிக் கிடந்த பக்கத்து மேசையில் ஒல்லியும் கழற்றினான். பதினோரு மணிவரை வேலை பழையபடி ஓடியது. அப்போது மேனேஜர் சுற்றிப் பார்க்க வந்தார்.

வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. கரும்பலகையில் இன்றைய கணக்கை எழுதுங்கள் என்று மருந்துக்கடையிடம் சொன்னார். மேசைக்கு அடியில் நாலு கால்களும் இருட்டில் துழாவின. எழுந்து நடந்தபோதுதான் மருந்துக்கடைக்குத் தெரிந்தது, ஒரு காலில் மச்சினனின் பென்சில், மறு காலில் ஒல்லியின் படகு. பலகைவரை டக், தொப், டக், தொப் என்று போனார். மேனேஜர் பலகையை விட்டுவிட்டுக் காலையே பார்த்தார். மறுநாள் காலையில் மூன்று மேசைகளிலிருந்தும் மரப்பலகை மறைப்புகள் கழற்றப்பட்டிருந்தன. ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட வேண்டும் என்று ஒரு புது அறிவிப்பும் இருந்தது.

மருந்துக்கடைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சவரப் பிளேடால் வலது ஷூவின் நுனியைத் துல்லியமாக அறுத்தெடுத்தார். காலுறையிலும் ஒரு ஓட்டை. கட்டைவிரல் வெளியே வந்து காற்று வாங்கியது. அதன்மேல் கறுப்புப் பாலிஷைத் தடவித் துணியால் தேய்த்தார். ஐந்தடி தூரத்திலிருந்து பார்த்தால் ஷூ எது, விரல் எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

மனைவிக்குத் தெரிந்தது. "என் தம்பி சனிக்கிழமை அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு பொண்ணு பாக்கப் போறான்" என்றாள்.

"பொண்ணு வீட்ல காலையா பாக்கப் போறாங்க?"

 அவள் அறுத்தெடுத்த தோல் துண்டைக் கொண்டுவந்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை விரல் பேயாக உழைத்தது. மத்தியானத்துக்குள் தொண்ணூறு பார்சல். பெரியக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மருந்துக்கடை உற்சாகத்தில் லேசாக விசிலடித்துக்கொண்டு, பின்னால் யாரோ நிற்பதைக் கவனிக்காமல், ஒரு நீளமான கொம்பைத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?" என்றார் மேனேஜர்.

"ஷூ சார்."

"ஷூ ஏன் ஆடுது?"

"கொஞ்சம் பழசு சார்."

மேனேஜர் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் குனிந்தார். "ஷூவுக்கு ஏன் நகம் இருக்கு?"

ஒல்லி சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், இருமுவதுபோல எழுந்து வெளியே ஓடினான். மருந்துக்கடையை மேனேஜர் தன் அறைக்கு வரச் சொன்னார்.

அந்த அறையில் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தது, மேனேஜர் உட்பட. மருந்துக்கடை ஒரு கறுத்த விரலோடு அவர் முன்னால் நின்றார். மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. விதியை மீறினீர்கள், மறைத்தீர்கள், கேட்டதற்குப் பொய் சொன்னீர்கள், ஆகவே திங்கட்கிழமை முதல் கீழே முன்கவுண்டரில் வேலை என்றார்.

முன்கவுண்டர் என்றால் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டி, "உங்க பார்சல் வந்துக்கிட்டிருக்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்வது. அங்கே கிறுக்கல் கிடையாது. ஜன்னல் கிடையாது. யாருடைய கையெழுத்தும் கிடையாது.  உலகத்தில் அவருக்கு நன்றாக வரும் காரியம் ஒன்றே ஒன்றுதான், அது அந்தப் பின்பக்க அறையில் இருந்தது. வாழ்நாளில் எந்த மேலதிகாரியிடமும் எதிர்த்துப் பேசாதவர், அன்று பேசினார்.

"சார், அந்த ரூமுக்குப் பதினேழு வருஷமா ஒரு ஆள் வந்து எட்டிப் பாத்ததில்ல. பார்சலுக்குக் கண்ணு கிடையாது. என் சட்டை உள்ளே இருக்கா வெளியே இருக்கான்னு அது கேக்கறதில்ல. சேர வேண்டியவங்க கையில அதைச் சேக்கறதுதான் என் வேலை. அதை நான் இந்தக் காலோடதான் செய்வேன். ஷூவும் போட மாட்டேன், கவுண்டருக்கும் போக மாட்டேன். உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க."

 மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா மூடியைத் திருகி மூடினார்.

"அப்ப நிரூபிங்க. ஒரு மாசம் தரேன். உங்க இஷ்டம்போல உடுத்திக்கிட்டு வாங்க, மூணு பேரும். இப்ப ஒரு நாளைக்கு இருநூறு முடிக்கிறீங்க. உங்க பேச்சுப்படி உடையில ஒண்ணும் இல்லன்னா, நானூறு முடிச்சுக் காட்டுங்க."

ஒரு நாளைக்கு நானூறு பார்சல் வரவே வராதே என்றார் மருந்துக்கடை. கோடவுனில் என்னமோ கிடக்கிறதாமே என்றார் மேனேஜர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. மாதச் சராசரி நானூறு வந்தால் அறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்துப் போடுவதாகச் சொன்னார், உடையைப் பற்றி இனி இந்த ஆபீஸில் ஒரு வார்த்தை எழாது. ஒன்று குறைந்தாலும் மூன்று பேரும் கோட்டு டையோடு கவுண்டரில் நிற்க வேண்டும், ஓய்வுபெறும்வரை.

மருந்துக்கடை கையை நீட்டினார். மேனேஜர் குலுக்கினார்.

அறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னபோதுதான் மற்ற இரண்டு பேரையும் கேட்காமல் பணயம் வைத்துவிட்டது அவருக்கே உறைத்தது. பெரியக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி, உருட்டி, குப்பைக்கூடையில் போட்டாள்.

"இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நான் கவுண்டர்ல நிக்கறதா? கோடவுன் சாவி எங்கப்பா?" என்றாள்.

திங்கட்கிழமை அவள் பூப்போட்ட நைட்டியில் வந்தாள். தோளில் ஆபீஸ் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, காலில் பஞ்சு வைத்த வீட்டுச் செருப்பு. மூன்று மாடியும் அப்படியே ஏறி வந்தாள். வழியில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒல்லி அரைக்கால் சட்டையும், முதுகில் ஏழு என்று எண் போட்ட பழைய பனியனும் அணிந்திருந்தான். மருந்துக்கடை தொளதொள பைஜாமாவில் வெறுங்காலோடு உட்கார்ந்தார். மேனேஜர் வாசலில் வந்து நின்று மூவரையும் பார்த்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முந்நூற்றுப் பத்து. மறுநாள் முந்நூற்று எழுபது. புதன்கிழமை நானூற்றைத் தாண்டியது.

ஒன்பது மணிக்குத் திறக்கும் அறை ஏழு மணிக்கே திறந்தது. டீ குடிக்கக் கீழே இறங்கினால் பதினைந்து நிமிடம் வீண் என்று ஒல்லி பிளாஸ்க் கொண்டுவந்தான். பெரியக்கா போனில் அரட்டை அடிப்பதை நிறுத்தினாள். அவளுடைய அக்காவே பயந்துபோய் ஆபீஸுக்கு ஆள் அனுப்பி விசாரித்தாள். ஒல்லி மூட்டை அவிழ்ப்பான், பெரியக்கா ஊரையும் தெருவையும் பிரித்து அடுக்குவாள், அவர்களுக்கு மசியாத கிறுக்கல்கள் மருந்துக்கடையின் காலடிக்கு வரும். இப்படிப் பிரித்துக்கொண்டால் வேலை இரண்டு மடங்கு ஓடும் என்பது பதினேழு வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற அவசியம் இருக்கவில்லை.

மூட்டைகளுக்குள் என்னென்னமோ இருந்தது. ஒரு ஜோடிக் குழந்தைக் காலுறை. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். 'மன்னிச்சிடு, கடிகாரத்தை நான்தான் உடைச்சேன்' என்று ஒரு சீட்டும், கூடவே ஒரு கடிகாரமும். 'மணியடிக்கிற பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு, நாய் கடிக்கும், ஜாக்கிரதை' என்ற முகவரியை மருந்துக்கடை பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். நாலு வருடத்துக்கு முன் அனுப்பிய அப்பாவின் போட்டோ ஒன்று போய்ச் சேர்ந்ததும், ஒரு அம்மாள் போனில் பேச வார்த்தை வராமல் அழுதாள். ரிசீவரை வைத்துவிட்டு மருந்துக்கடை கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சந்தோஷமாக இருந்தார். எதிர்த்து நிற்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், பதினேழு வருடம் முன்பே எதிர்த்திருப்பார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேனேஜர் ஒரு சின்ன நோட்டோடு வருவார். பலகையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வார். முகம் சுண்டிப்போகும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே மறுநாள் இன்னும் இருபது அதிகம் செய்யலாம் போலிருந்தது.

மூன்றாவது வாரம் உடம்பு கேட்கவில்லை. மூட்டைத் தூசியில் ஒல்லிக்கு விடாத தும்மல். பெரியக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்குக் காய்ச்சல், விரலில் தரை தேய்ந்ததா, தரையில் விரல் தேய்ந்ததா என்று தெரியாத அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. எண்ணிக்கை முந்நூற்று நாற்பதுக்கு இறங்கியது. ஒரு நாள் நிதானமாகப் போவோமே, சராசரியில் சரிக்கட்டிவிடலாம் என்று பெரியக்கா சொன்னாள். மற்ற இருவரும் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலமே மேனேஜர் அவர்களுடைய அறை வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டவைத்தார். அதன் தலையில் 'உன் உடையே உன் உழைப்பு' என்று எழுதியிருந்தது. அது போதாதென்று, தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே யாரிடமோ போனில் பேசினார். "பைஜாமா போட்டவனுக்குத் தூக்கம்தான் வரும், வேலை எங்கே வரும்? இன்னும் ரெண்டு நாள்ல படுத்துடுவாங்க" என்றார். நடைபாதை முழுக்கக் கேட்டது.

மறுநாள் ஐந்நூற்று முப்பது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள்.

வீட்டில் மனைவி பொறுத்துப் பார்த்தாள். மச்சினன் பொண்ணு பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர் ஷூவில் போய்வந்ததைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். காய்ச்சலோடு ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பியவரை மட்டும் வாசலில் மறித்தாள்.

"ஜன்னல்ல தண்ணி ஒழுகுது, ஆறு மாசமா சொல்றேன், அதுக்கு நேரமில்ல. லீவு நாள்ல காய்ச்சலோட ஆபீஸ் போறீங்க. சாதாரண நாள்ல இப்படி உழைச்சிருந்தா உங்களையே மேனேஜராக்கி இருப்பாங்க."

"சாதாரண நாள்ல எதுக்கு இப்படி உழைக்கணும்?" என்றார் மருந்துக்கடை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இது மானப் பிரச்சனை."

அவள் நகர்ந்து வழிவிட்டாள். மாத்திரைப் பட்டையைப் பைஜாமாப் பையில் செருகி அனுப்பினாள்.

மாதக் கடைசி நாள் மத்தியானம் நாற்பத்தொன்றாவது மூட்டையை ஒல்லி தலைகீழாகப் பிடித்து உதறினான். ஒரே ஒரு பார்சல் விழுந்தது. அதன்மேல் இருந்தது எழுத்தே இல்லை, யாரோ ஓடும் வண்டியில் உட்கார்ந்து பேனாவை உதறியதுபோல நாலு கோடு. பெரியக்கா பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். மருந்துக்கடை அதை வெளிச்சத்தில் சாய்த்தார். தேய்ந்த விரல் தரையில் நகர்ந்தது, நின்றது, திரும்ப நகர்ந்தது. மற்ற இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து அவர் பேனாவை எடுத்தார்.

"சின்ன அத்தை, பழைய தியேட்டர் பின்சந்து, மூணாவது கதவு" என்று எழுதி ஒட்டினார்.

கோடவுனில் தகரமும் காற்றும் மட்டும்தான் மிச்சம். மாதச் சராசரி நானூற்று முப்பத்தொன்று.

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்தார். நோட்டில் கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. சுவரிலிருந்த அறிவிப்பை மெதுவாக உரித்தெடுத்து, நாலாகக் கிழித்து, மருந்துக்கடையின் கையில் கொடுத்தார். "நான் தோத்துட்டேன். உடைக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லன்னு நிரூபிச்சுட்டீங்க" என்றார்.  யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வெளியே போனார்.

அதன்பின் அந்த அறையில் நடந்ததைக் கம்பெனி அதுவரை பார்த்ததில்லை. ஒல்லி மேசைமேல் ஏறி வெறுங்காலோடு ஆடினான். பெரியக்கா இடுப்பு வலியை மறந்து நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். மற்ற பிரிவுக்காரர்கள் ஓடிவந்து, தங்கள் டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அந்தக் கண்ணாடியில் மாட்டினார்கள். யாரோ மருந்துக்கடையைத் தோளில் தூக்கினார்கள். உயரத்தில் இருந்தபடி அவர் கிழிந்த நாலு துண்டையும் ஆட்டிக் காட்டினார். ஒரு சாதாரண மனிதன் முடியாது என்று சொன்னால் எப்பேர்ப்பட்டவனும் கடைசியில் பணிந்துதான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆட்டத்துக்கு நடுவில் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து செய்தி சொன்னாள். மேனேஜர் இன்றோடு போகிறாராம். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம், பெட்டியெல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறதாம்.

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. மருந்துக்கடைக்கு மட்டும் மனசு என்னவோ செய்தது. ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்தார், ஒரு மனிதரை ஊரைவிட்டு விரட்ட நினைக்கவில்லை. அந்த ஆளும் பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார். சொன்ன வாக்குப்படி தன் கையாலேயே கிழித்தாரே, அந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்? தோளிலிருந்து இறங்கி, யாரும் கவனிக்காதபோது படியில் இறங்கினார். ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

வாசலில் கார் நின்றது. மேனேஜர் இன்னும் வரவில்லை. டிரைவர் பின்பக்கம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், அவசரமில்லாத மனிதர். மருந்துக்கடை அவரிடம் தயங்கித் தயங்கி, சார் ரொம்ப மனசு ஒடிந்துபோயிருக்கிறாரா என்று கேட்டார்.

"எங்க சாரா? எதுக்கு?"

"எங்களாலதானே இந்த மாற்றல். கடைசியில இப்படித் தண்டனை ஆகும்னு நான் நினைக்கல. அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன்."

டிரைவர் பெட்டியைக் கீழே வைத்தார். மருந்துக்கடையின் பைஜாமாவைப் பார்த்தார். வெறுங்காலையும், தோல் உரிந்த கட்டைவிரலையும் பார்த்தார். அவர் முகத்தில் மரியாதை கலந்த ஒரு சிரிப்பு வந்தது.

"ஓ, இந்த ஆபீஸ்ல நீங்கதானா அது? தண்டனை எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வந்த வேலை முடிஞ்சுது, கிளம்பறோம்."

"என்ன வேலை?"

டிரைவர் கார் கதவைச் சாத்திவிட்டு, கைத்துணியால் பிடியைத் துடைத்தபடி சொன்னார்:

"போன ஆபீஸ்காரங்க மீசைக்காக ஜெயிச்சாங்க, அதுக்கு முந்தின ஆபீஸ்ல நாற்காலியில சாய்ஞ்சு உக்காரணும்னு ஜெயிச்சாங்க, இங்க நீங்க செருப்புக்காக ஜெயிச்சுட்டீங்க, அடுத்து போற ஆபீஸ்ல பன்னிரண்டாயிரம் ஃபைல் தேங்கிக் கிடக்காம் ஐயா, அங்க அவங்களை எதுக்காக ஜெயிக்க விடலாம்னுதான் எங்க சார் நாலு நாளா யோசிச்சுக்கிட்டிருக்காரு."